மீன் தொட்டியின் பின்கண்ணாடிக்குச் சாயம் அடிக்கலாமா?

2 அடித் தொட்டி வாங்கியிருக்கிறீர்கள், பின்னால் சுவரும் ஒயரும் தெரிகின்றன, படம் போட்ட தாள் ஒட்டுவதா சாயம் அடிப்பதா, மீனுக்குக் கெடுதல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாயம் அடியுங்கள். வெளிப்பக்கம் மட்டும். தண்ணீருக்கும் சாயத்துக்கும் நடுவில் கண்ணாடி இருப்பதால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. உள்பக்கம் மட்டும் எந்தச் சாயமும் வேண்டாம்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த காலத்தில் கால்வாயில் கப்பி மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்தவர்கள்தான் இன்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் கடையில் விற்கும் கடல் படத்தாளைத்தான் ஒட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று நிற்கும், தண்ணீர் மாற்றும்போது சிந்துவது அந்த இடுக்கில் இறங்கும், அப்புறம் திட்டுத் திட்டாகத் தெரியும். சாயம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தச் சாயம்? சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கரையும் எமல்ஷன் போதும். தீபாவளிக்கு வீட்டுக்கு அடித்து மிஞ்சியது இருக்கும்தான், ஆனால் அந்த மஞ்சளும் இளஞ்சிவப்பும் தொட்டிக்கு எடுபடாது. ஹார்ட்வேர் கடையில் பளபளப்பு இல்லாத கறுப்பு ஒரு சின்ன டின் வாங்குங்கள். என் ஓட்டு கறுப்புக்குத்தான். செடியின் பச்சை எடுப்பாகத் தெரியும், வடிகட்டிக் குழாய் கண்ணை உறுத்தாது. மீனின் நிறமும் கூடும். பல மீன்களின் தோலில் இருக்கும் கறுப்பு நிறமிச் செல்கள் இருண்ட பின்னணியில் விரிந்துகொள்ளும், வெளிறிய பின்னணியில் சுருங்கிக்கொள்ளும். அரோவானா வளர்ப்பவர்கள் தொட்டி நிறத்தைப் பற்றி அவ்வளவு வாதாடுவதற்கும் இதுதான் காரணம். நம் நாட்டுச் சதுப்புக்காட்டுத் தண்ணீரில் வாழும் ஹார்லிகுவின் ரஸ்போராவுக்குக் கறுப்பு அருமையாகப் பொருந்தும். பிளாக் மோலி வளர்க்கிறீர்கள் என்றால் மட்டும் இளநீலம் அடியுங்கள், கறுப்பில் மீனே தெரியாது.

வேலையைத் தண்ணீர் விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 2 அடித் தொட்டி நிறைந்தால் 50 கிலோவுக்கு மேல் போகும், அப்புறம் நகர்த்தக் கூடாது. தொட்டியைத் தடித்த துண்டின்மேல், முன்கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். துண்டுக்கு அடியில் சிறு கல்கூட இருக்கக் கூடாது. பின்கண்ணாடியை வினிகரால் துடைத்துக் காய விடுங்கள், கைரேகை எண்ணெய் இருந்த இடத்தில் சாயம் பிடிக்காது. கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் ஓரத்து சிலிக்கான் பசையிலும் சாயம் நிற்காது, ஆகவே ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

சின்ன ஸ்பாஞ்சு ரோலரால் மெல்லிசாக ஓட்டுங்கள். முதல் பூச்சு கோடு கோடாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அங்கே பொறுமை வேண்டும். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மறுபடி ரோலரை வைத்தால் அடியில் உள்ளதும் உரிந்து வந்துவிடும். டின்னில் போட்டிருக்கும் நேரத்தைவிட இன்னும் கொஞ்சம் கூடவே விடுங்கள். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தால் சாயம் காயத் தாமதமாகும். அதற்காகச் சுள்ளென்ற வெயிலிலும் வைக்காதீர்கள், வாசல் கூரையடி நிழலே நல்லது. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, வெளியே வெளிச்சம் கசியாத வரைக்கும் பூச்சைக் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசிப் பூச்சு முழுக்கக் காய்வதற்குள் டேப்பை மெதுவாக இழுத்துவிடுங்கள், காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்துவிடும்.

ஸ்பிரே சாயம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கத்தில் வேறு மீன் தொட்டி இருந்தால், அதன் காற்று மோட்டார் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது. அந்த நெடியும் கூடவே போகும்.

பின்னாளில் நிறம் பிடிக்கவில்லையா, கவலை வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் தோல் தோலாக வந்துவிடும். இது கண்ணாடித் தொட்டிக்கு மட்டும். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு கீறல் போடும், தின்னர் அதைக் கெடுத்துவிடும்.