சம்பளம் குறையாது, சரி. இடம்?

வணக்கம் ஐயா,

விமான நிறுவனங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் கணவர் ஒரு நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாகத் துணை விமானி. இன்னும் இரண்டு ஆண்டில் கேப்டன் ஆகிவிடுவார் என்றிருந்தோம். இப்போது அவர் நிறுவனத்தை அதைவிடப் பெரிய ஒன்று வாங்குகிறது. யாருக்கும் வேலை போகாது, யாருடைய சம்பளமும் குறையாது என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. ஆனாலும் அவர் சரியாகத் தூங்குவதில்லை. நண்பர்களோடு போனில் பேசுவதெல்லாம் சீனியாரிட்டி பட்டியல் பற்றித்தான். சம்பளத்துக்கே உத்தரவாதம் இருக்கும்போது பட்டியலில் ஓர் எண் முன்னே பின்னே போவதற்கு ஏன் இத்தனை கவலை? பணிமூப்பை விட்டுவிட்டுத் திறமையைப் பார்த்துப் பதவி கொடுத்தால் இந்தச் சண்டையே வராதே? கேப்டன் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்க இருந்தோம். வாங்கலாமா? அவர் இப்போதே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவது நல்லதா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கவலையில் நியாயம் இருக்கிறது. நிர்வாகம் எழுதிக் கொடுத்திருப்பது இன்றைய சம்பளத்துக்கு. அவர் யோசிப்பது ஓய்வு பெறும் நாள்வரை வரப்போகும் சம்பளத்தைப் பற்றி. அதை முடிவு செய்வது நீங்கள் சொல்லும் அந்த எண்தான்.

மற்ற வேலைகளில் பத்து ஆண்டு அனுபவத்தோடு நிறுவனம் மாறினால் அனுபவத்துக்கேற்ற பதவி கிடைக்கும். விமானிக்கு அப்படியில்லை. வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் அங்கே நேற்று சேர்ந்தவருக்கும் கீழே, கடைசி ஆளாகத்தான் தொடங்க வேண்டும். கேப்டன்களை நேரடியாக எடுக்கும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் அது துணை விமானிக்கு உதவாது. எண் பிடிக்கவில்லை என்று எழுந்து போக வழியில்லாததால்தான் அந்த எண்ணுக்கு இத்தனை மதிப்பு.

மாதம் தவறாமல் நடப்பதைப் பாருங்கள். அடுத்த மாத ரோஸ்டருக்கு, அதாவது யார் எந்த நாள் எந்த விமானம் என்ற பணி அட்டவணைக்கு, எல்லோரும் விருப்பம் போடுகிறார்கள். சீனியாரிட்டிப்படி ரோஸ்டர் போடும் நிறுவனங்களில் கணினி முதல் எண்ணிலிருந்து பங்கு வைத்துக்கொண்டு வரும். வார இறுதி விடுமுறையும் பகல் நேரப் பறப்பும் மேலேயே தீர்ந்துவிடும். கீழே இருப்பவருக்கு எஞ்சுவது அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் விமானமும், வீட்டில் சீருடையை எடுத்து வைத்துவிட்டுப் போன் வருமா என்று காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாட்களும். எந்த ஊரில் பணி, எந்த விமானம், எப்போது கேப்டன் பயிற்சி, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே என்பதையும் அதே பட்டியல்தான் சொல்லும்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் துணை விமானிக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுப்பது, அதே விமானத்தின் கேப்டன் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் இருக்கும். கேப்டன் பதவி நான்கு ஆண்டு தள்ளிப்போனால் அந்த வித்தியாசம் நான்கு ஆண்டுக்கு நஷ்டம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சர்வதேசப் பயணிகள் விமானத்தில் 65 வயதுக்கு மேல் விமானியாக இருக்க முடியாது. தொடக்கம் தள்ளிப்போகும், முடிவு தள்ளிப்போகாது. ஆகவே வெட்டுப்படுவது கடைசி நான்கு ஆண்டு: பெரிய விமானத்தின் மூத்த கேப்டனாக, வாழ்க்கையிலேயே மிக அதிகமாகச் சம்பாதித்திருக்கக்கூடிய ஆண்டுகள். சம்பளம் குறையாது என்ற உத்தரவாதக் கடிதத்தில் இது வரவே வராது.

இனி இரண்டு பட்டியலை ஒன்றாக்குவது. உங்கள் கணவரின் நிறுவனத்தில் 1,000 விமானிகள், வாங்கும் நிறுவனத்தில் 4,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். இவர் தன் பட்டியலில் 500ஆவது ஆள், நட்டநடுவில் நிற்கிறார். வாங்கும் நிறுவனம் பழையது. அங்கே இவருக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்கள் 3,000 பேர். சேர்ந்த தேதிப்படி கலந்தால் 5,000 பேரில் இவர் 3,500ஆவது ஆகிவிடுவார். விகிதப்படி கலந்தால், பாதியில் இருந்தவர் பாதியிலேயே இருப்பார் என்ற கணக்கில் 2,500ஆவது. ஆயிரம் இடம் வித்தியாசம்.

இப்போது அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். பெரிய நிறுவனத்தில் பத்து ஆண்டு பறந்தும் 2,600ஆவது இடத்தில் இருக்கும் ஒருவர், விகிதக் கணக்கில் 3,250ஆவது ஆகிவிடுவார். எட்டு ஆண்டுக்காரர் தனக்கு முன்னே 750 இடம் தள்ளி நிற்பதை அவர் எப்படி ஏற்பார்? தன் நிறுவனத்தில் மூத்தவர்கள் அதிகம், பத்து ஆண்டில் அவர்கள் ஓய்வு பெறும்போது காலியாகும் இடங்களுக்காகத்தானே காத்திருந்தேன் என்பார். அதுவும் உண்மைதான். 2008இல் அமெரிக்காவின் டெல்டா, நார்த்வெஸ்ட் விமான நிறுவனங்கள் இணைந்தபோது, வயதில் மூத்தவர்கள் அதிகமிருந்த நார்த்வெஸ்ட் விமானிகள் தரப்பு இதே வாதத்தைத்தான் வைத்தது.

இரு பக்கமும் நியாயம் இருக்கும் வழக்கு இது. அதனாலேயே முடியாமல் இழுத்துக்கொண்டு போகும் ஆபத்தும் உண்டு. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

2005இல் அமெரிக்கா வெஸ்ட், யுஎஸ் ஏர்வேஸ் என்ற இரு அமெரிக்க விமான நிறுவனங்கள் இணைந்தன. பட்டியலை முடிவு செய்ய நடுவராக வந்த ஜார்ஜ் நிக்கலாவ் 2007இல் தீர்ப்புச் சொன்னார். யுஎஸ் ஏர்வேஸ் திவாலாகி, வருடக்கணக்கில் புது ஆள் எடுக்காத நிறுவனம். சுமார் 16 ஆண்டு பணிமூப்பு உள்ளவர்கூட அங்கே பட்டியலின் அடியில் இருந்தார். தீர்ப்பில் அப்படிப்பட்டவர், மறுபக்கம் சேர்ந்து சில மாதமே ஆனவரோடு சேர்த்து வைக்கப்பட்டார். எண்ணிக்கையில் அதிகமாக இருந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் கொதித்துப்போய், 2008இல் பழைய சங்கத்தையே வாக்களித்து வெளியேற்றிவிட்டு, சேர்ந்த தேதிக் கணக்கை வலியுறுத்தும் புதிய சங்கத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா வெஸ்ட் தரப்பு நீதிமன்றம் போனது. நிறுவனம் ஒன்று, பெயர் ஒன்று, விமானிகள் மட்டும் இரண்டு அணியாகவே பறந்தார்கள். பொது ஒப்பந்தம் வராததால் யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு திவால் காலத்துக் குறைந்த சம்பளத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இன்னோர் இணைப்பும் வந்துவிட்டது. எல்லோருக்குமான ஒரே பட்டியல் வந்தபோது 2016. பதினொரு ஆண்டு. தங்கள் எண்ணைக் காப்பாற்றப் போராடிய பலர் அதற்குள் ஓய்வு வயதை எட்டிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு இதில் நஷ்டம் பெரிதாக ஒன்றுமில்லை. விமானிகள் தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்தவரை மலிவான சம்பளமே தொடர்ந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சவுத்வெஸ்ட் என்ற இன்னோர் அமெரிக்க நிறுவனம் 2011இல் ஏர்டிரான் விமான நிறுவனத்தை வாங்கியபோது முதலில் வந்த உடன்பாட்டை ஏர்டிரான் சங்கத் தலைமை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கே விடவில்லை. பிறகு வந்த இரண்டாவது உடன்பாட்டில் பாதுகாப்பு இன்னும் குறைவு, அதைத்தான் ஏற்க வேண்டிவந்தது. அப்புறம் ஏர்டிரானின் 88 போயிங் 717 விமானங்களை டெல்டாவுக்குக் குத்தகைக்கு விடுவதென்று நிறுவனம் முடிவெடுத்தது. அவற்றில் கேப்டனாக இருந்த பலர் துணை விமானி இருக்கைக்குத் திரும்பினார்கள்.

போராடவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. 2001இல் டிடபிள்யுஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எடுத்துக்கொண்டபோது, அதன் விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலின் அடியில் அப்படியே ஒட்டப்பட்டார்கள். செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஆட்குறைப்பு வந்ததும் அவர்களில் பலர் வீட்டுக்குப் போனார்கள். அந்த அநியாயத்தின் விளைவாகத்தான், பட்டியல் நியாயமாகக் கலக்கப்பட வேண்டும், உடன்பாடு இல்லையென்றால் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று அமெரிக்காவில் 2007இல் சட்டமே வந்தது. நடுவர் முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள் என்பேன். தீர்ப்பு வந்தபின் அதை ஏற்று, பொது ஒப்பந்தத்தை விரைவாக முடியுங்கள். சுமாரான பட்டியல் இரண்டே ஆண்டில் கிடைப்பது, நியாயமான பட்டியலுக்காகப் பத்து ஆண்டு காத்திருப்பதைவிட மேல்.

இந்தியாவிலும் இதைப் பார்த்தோம். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைந்தன. ஐந்து ஆண்டு கழித்தும் மனங்கள் இணையவில்லை. புதிதாக வரவிருந்த போயிங் 787க்கு யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ற பிரச்சினையில் 2012இல் பழைய ஏர் இந்தியா விமானிகளின் வேலைநிறுத்தம் 58 நாள் நீடித்தது.

திறமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீனியாரிட்டி தருவது கேப்டன் பயிற்சிக்கான வரிசையை மட்டும்தான். தேர்ச்சியை சிமுலேட்டர் (விமானி அறையைப் போலவே அமைத்த பயிற்சிக் கருவி) சோதனை முடிவு செய்யும், கேப்டன் ஆன பிறகும் அந்தச் சோதனைகள் ஓயாது. இன்னொன்றையும் யோசியுங்கள். இரவு பதினொரு மணிக்கு எச்சரிக்கை விளக்கு ஒன்று அணைய மறுக்கிறது. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், மேலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த விமானத்தை எடுக்க மாட்டேன் என்று கேப்டன் சொல்ல வேண்டும். அவருடைய அடுத்த உயர்வு அந்த மேலாளர் போடும் மதிப்பெண்ணில் இருந்தால் எத்தனை பேர் சொல்வார்கள்? அதனால்தான் குறைகள் இருந்தாலும் நான் பணிமூப்பின் பக்கம் நிற்கிறேன்.

வீட்டுக் கடனைத் துணை விமானி சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுங்கள், கேப்டன் சம்பளத்தை இப்போதைக்கு நம்ப வேண்டாம். அந்த உத்தரவாதக் கடிதத்தையும் நன்றாகப் படியுங்கள். சம்பளம் குறையாது என்பது மணிக் கணக்குக்கா, மாதச் சம்பளத்துக்கா? 2024 தொடக்கத்தில், ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாராவின் விமானிகளுக்கு வந்த புதிய ஒப்பந்தத்தில், பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் உறுதியாகக் கிடைக்கும் சம்பளம் 70 மணி நேரப் பறப்புக்கானதிலிருந்து 40 மணி நேரத்துக்கானதாகக் குறைந்தது. அதற்கு மேல் பறந்தால் பணம் உண்டுதான்; ஆனால் எத்தனை மணி பறப்பது என்பது விமானி கையில் இல்லை. அந்த அதிருப்தியில் ஏப்ரலை ஒட்டிப் பல விமானங்கள் ரத்தாயின.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதைப் பட்டியல் வரும்வரை தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. எட்டு ஆண்டு எண்ணைப் பயத்தில் தூக்கிப் போட வேண்டாம். வாங்கும் நிறுவனத்திலேயே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இணைப்பு அறிவிப்புக்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் இரண்டு பட்டியலுக்கும் அடியில்தான் வைப்பார்கள்.

வரைவுப் பட்டியல் வந்ததும் அவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். அவருக்கு மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டில் 65 வயதைத் தொடுகிறார்கள் என்ற கணக்கைச் சங்கத்திடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இப்போது உட்கார்ந்திருக்கும் இருக்கையிலிருந்து யாரையும் இறக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா, அது எத்தனை ஆண்டுக்குச் செல்லும், அவர் ஓட்டும் வகை விமானத்தை நிறுவனம் விற்றுவிட்டாலும் அது செல்லுமா என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும்.