தாய் முயலுக்கும் குட்டிகளுக்கும் கூண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: குட்டிகள் நல்லபடியாகப் பிறந்தன, மூன்றாம் நாள் பார்த்தால் பாதிதான் மிஞ்சியிருந்தன. நோய் என்று எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். என் அனுபவத்தில் முதல் பத்து நாள் சாவில் நோயின் பங்கு குறைவு, கூண்டின் பங்கே அதிகம்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): எங்கள் முயல் ஏழு குட்டிகள் ஈன்றது. மறுநாள் காலையில் மூன்று குட்டிகள், ஈனுவதற்காகக் கூண்டுக்குள் வைத்த பெட்டிக்கு வெளியே கம்பித் தரையில் இறந்து கிடந்தன. தாயே வெளியே தள்ளிவிட்டதா?

பதில்: தள்ளவில்லை. தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். கொடுத்து முடித்ததும் சட்டென்று வெளியே தாவும். அப்போது காம்பை விடாத குட்டி அதனோடு தொங்கிக்கொண்டு வந்து தரையில் விழுகிறது. பூனை தன் குட்டியைக் கவ்வி எடுத்துப் பழைய இடத்தில் சேர்க்கும். முயலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விழுந்த குட்டியைத் தாய் தூக்கி வராது. உடம்பில் முடியில்லாத 50 கிராம் உயிர் கம்பியின்மேல் கிடந்தால் ஓர் இரவுகூடத் தாங்காது. நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டி வாசலின் விளிம்பு இரண்டு அங்குலம்தான் இருக்கிறது. தரையிலிருந்து 6 அங்குலம் உயரமாவது இருந்தால், தாய் தாண்டும்போது தொங்கும் குட்டி விளிம்பில் உரசிப் பெட்டிக்குள்ளேயே விழும். இன்றைக்கே ஒரு பலகையை ஆணியடித்துச் சேர்த்துவிடுங்கள். பலகையின் மேல்முனையைத் தேய்த்து வழவழப்பாக்க மறக்க வேண்டாம், தாயின் மடி அதில்தான் உரசும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில்லிட்டுக் கிடக்கும் குட்டியை இறந்துவிட்டதாக எண்ணி எறிந்துவிடாதீர்கள். உள்ளங்கைச் சூட்டிலோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகிலோ அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். விறைத்துப் போன குட்டிகள் மெல்ல வாய் திறந்து நெளிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி): பெட்டியை எந்த நாளில் வைக்க வேண்டும்? எந்த அளவில்?

பதில்: இணை சேர்த்த 27 அல்லது 28-ஆம் நாள். முன்னதாக வைத்தால் தாய் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். 31-ஆம் நாள் வாக்கில் ஈனும் என்பதால் இதற்கு மேல் தாமதிக்கவும் கூடாது. நான்கு கிலோ எடையுள்ள தாய்க்கு ஏறத்தாழ 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். இணை சேர்த்த தேதியைக் கூண்டில் மாட்டிய அட்டையில் எழுதி வையுங்கள்.

கேள்வி (கோவை): சோவியத் சின்சில்லா வாங்கியிருக்கிறேன். சின்சில்லாக் குட்டிகள் முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், பெட்டி தேவையில்லை, குளிப்பதற்கு மணல் தூள் வைக்க வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். அப்படியே செய்தேன். ஆறு குட்டிகளும் இறந்துவிட்டன. ஏன்?

பதில்: நீங்கள் படித்தது வேறொரு விலங்கைப் பற்றி. சின்சில்லா என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த, அணில் போன்ற வாலுடைய கொறிவிலங்கு. அது 111 நாள் சுமந்து, ஓரிரு குட்டிகளை முழு முடியோடு ஈனும். உங்களிடம் இருப்பது முயல். அந்த விலங்கின் சாம்பல் நிற உரோமத்தை ஒத்திருப்பதால் 1913 வாக்கில் பிரான்சில் ஒரு முயல் இனத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அந்த வழியில் சோவியத் நாட்டில் பெரிய உடலுக்காக உருவாக்கப்பட்டதே உங்கள் இனம். முயல் 31 நாளில் ஈன்றுவிடும். அதன் குட்டிக்கு முடியும் இல்லை, பார்வையும் இல்லை. கண் திறக்கவே 10 முதல் 12 நாள் ஆகும். பெட்டி இல்லாமல் அது பிழைக்க வழியே கிடையாது. வாங்குவதற்கு முன் விற்றவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஆறு உயிர்கள் பிழைத்திருக்கும். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் இதே இனத்தை வளர்க்கிறார்கள். அடுத்த ஈற்றுக்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். தூளை அகற்றிவிடுங்கள், முயலுக்கு அது வேண்டாம்.

கேள்வி (நாமக்கல்): ஆயத்தக் கூண்டுகள் பத்து வாங்கினேன். "பதினெட்டு கேஜ், உறுதியானது" என்றார்கள். நான்கு மாதத்தில் தரை தொய்ந்துவிட்டது, தாய் முயல்களுக்குப் பின்னங்காலில் புண், குட்டிகளின் கால்கள் கம்பியில் சிக்குகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது மனம் கொதித்தது, ஏனென்றால் பல ஆண்டுகளாக இதே கடிதம் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டேயிருக்கிறது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 14 கேஜ் கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன், 18 கேஜ் அதில் பாதியைச் சற்றே தாண்டும். எண் பெரிதாக இருப்பதால் கம்பியும் தடிமனாக இருக்கும் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார், அந்த எண்ணத்தைத் திருத்த விற்பவருக்கு மனமில்லை. தரைக்கு 14 கேஜுக்கு மெலிந்த வலையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

அடுத்தது கண்ணியின் அளவு. கோழிக்கூண்டுக்குச் செய்த வலையை வெட்டி, முன்னால் ஒரு தீவனப்பெட்டியை மாட்டி முயல் கூண்டு என்று விற்கிறார்கள். தரைக் கண்ணி அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம் இருக்க வேண்டும்: புழுக்கை கீழே விழும், குட்டியின் பாதம் இறங்காது. ஓர் அங்குலச் சதுரக் கண்ணியில் இரண்டு வாரக் குட்டியின் கால் தொடை வரை இறங்கிவிடும், பதறி இழுக்கும்போது எலும்பு முறியும். நானே தொடக்கத்தில் அப்படியொரு கூண்டை நம்பி வாங்கினேன். ஒரு விடியற்காலையில் விளக்கோடு போனபோது, ஒரு குட்டி இடுப்பு வரை கண்ணிக்குள் இறங்கி, முன்னங்கால்களால் கம்பியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வெட்டுக்கருவியால் கம்பியை நறுக்கித்தான் அதை எடுக்க முடிந்தது. பிழைத்தது, ஆனால் பின்னங்கால் இழுத்தபடியே வளர்ந்தது. அன்று முதல் ஆயத்தக் கூண்டு எதையும் கையால் அமுக்கிப் பார்க்காமலும் அளவுகோல் வைத்து அளக்காமலும் நான் வாங்கியதில்லை.

மூன்றாவது குற்றம் யார் கண்ணிலும் படுவதில்லை. வலையில் ஒரு திசைக் கம்பிகள் மேலேயும் மறு திசைக் கம்பிகள் கீழேயும் இருக்கும். அரை அங்குல இடைவெளியில் நெருக்கமாக ஓடும் கம்பிகள்தான் மேற்பக்கம், முயலின் பாதம் படும் பக்கம், இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் முழு எடையும் அகல இடைவெளியில் ஓடும் சில கம்பிகளின்மேல் இறங்கும். பின்னங்கால் முடி தேய்ந்து, தோல் தடித்து, வெடித்துப் புண்ணாகும். உள்ளங்கையை வலையின் இரு பக்கமும் ஓடவிட்டுப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும். உங்கள் பத்துக் கூண்டுகளில் எத்தனை தலைகீழாக இருக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள்.

இப்போதைக்குக் கூண்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம். தரையை மட்டும் கழற்றி, பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசிய 14 கேஜ் கம்பி வலை (வெல்டு மெஷ்) போடுங்கள். பூச்சுக்குப் பின் பற்றவைத்த வலையில் மூத்திரம் பட்டு இணைப்புகள் முதலில் துருப்பிடிக்கும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் தொய்வு வராது. பக்கச் சுவர்களின் கீழ் 4 அங்குலத்துக்கு இதே சிறு கண்ணி வலையைச் சுற்றிக் கட்டுங்கள், பக்கச் சுவரின் ஒன்றுக்கு இரண்டு அங்குலக் கண்ணி வழியாக, புதிதாய்ப் பிறந்த குட்டி நழுவி நிலத்தில் விழும். விழுந்த குட்டியைத் தாய் தூக்கி வராது என்பதை மறுபடியும் சொல்கிறேன். புண் ஆறும் வரை கூண்டின் ஒரு மூலையில் ஓர் அடி நீள மரப்பலகையைப் போட்டு வைத்து, அதைத் தினமும் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். புண்ணுக்குக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): குட்டிகள் சாகின்றன. என்ன மருந்து?

பதில்: எத்தனை நாள் குட்டி, எத்தனை இறந்தன, பெட்டி உண்டா, என்ன தீவனம், கழிச்சல் உண்டா என்று எதுவும் எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இறந்த குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரியும். தோல் சுருங்கி வயிறு ஒட்டியிருந்தால் அது பட்டினிச் சாவு. பார்த்து எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): குட்டியை மனிதக் கை தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார்களே?

பதில்: பழகிய முயல் ஒதுக்காது. தினமும் காலையில் தாய்க்குத் தீவனம் வைத்துவிட்டு, மணமில்லாத சுத்தமான கையால் பெட்டியைத் திறந்து குட்டிகளை எண்ணுங்கள். இறந்ததை உடனே எடுங்கள். இந்த அச்சத்தால் பெட்டியைத் திறக்காமல் விட்டு, அழுகிய குட்டியோடு மற்றவையும் சேர்ந்து போன கதைகள் ஏராளம்.

கேள்வி (மதுரை): கோடையில் பெட்டிக்குள் தேங்காய் நாரும் பஞ்சும் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீள நாரும் பஞ்சிழையும் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுக்கும். உலர்ந்த புல் அல்லது துண்டாக நறுக்கிய வைக்கோல் போதும், மீதியைத் தாயே தன் மார்பு முடியைப் பிய்த்து நிரப்பும். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறத் தொடங்கும். குட்டிகள் தோல் சிவந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பெட்டி ஓரங்களில் கிடந்தால் சூடு அதிகம் என்று பொருள். பகலில் முடியில் பாதியை எடுத்துத் தனியே வைத்து, இரவில் திரும்பப் போடுங்கள். பெட்டியின் அடிப்பலகையில் சிறு துளைகள் இருக்கட்டும். கொட்டகைக்குக் கீற்றுக் கூரையே நல்லது. தகரத்தின் கீழ் பெட்டி வைத்தால் அது அடுப்பாகிவிடும்.

கேள்வி (திருவாரூர்): எறும்பும் பாம்பும் தொல்லை தருகின்றன.

பதில்: கூண்டு தரையிலிருந்து 3 அடி உயரத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் இருக்க வேண்டும். கிண்ணத்தில் தினமும் நீர் இருக்கிறதா என்று பாருங்கள், சருகு விழுந்து பாலமாகிவிட்டால் எறும்பு ஏறிவிடும். எறும்புப் பொடியைப் பெட்டியின் அருகே தூவாதீர்கள். எலி இருக்கும் இடத்துக்குத்தான் சாரைப்பாம்பு வரும். சிந்திய தீவனத்தை மாலையில் கூட்டி அள்ளினால் இரண்டும் குறையும். கதவின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அடையுங்கள்.

கேள்வி (சேலம்): இடம் போதவில்லை. இரண்டு தாய்களை ஒரே கூண்டில் விடலாமா? ஆண் முயலும் உடன் இருக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. தாய்கள் ஒன்றின் குட்டியை மற்றொன்று கடித்துக் கொல்லும். ஈன்ற அன்றே தாய் மறுபடி சினைப்படக்கூடும், ஆகவே ஆணும் தனிக்கூண்டில்தான் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் தாயின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கேள்வி (தர்மபுரி): பெட்டியை எப்போது எடுப்பது? குட்டிகளை எப்போது பிரிப்பது?

பதில்: 15 நாளுக்கு மேல் குட்டிகள் தாமாகவே வெளியே வரும், மூன்று வாரத்தில் பெட்டியை எடுத்துவிடலாம். அந்த வாரத்திலிருந்து தண்ணீரைத் திறந்த சட்டியில் வைக்காமல், முயல் வாய் வைத்தால் நீர் வரும் நிப்பிளுக்கு மாறுங்கள், தாய்க்கும் பாலூட்டும் காலத்தில் தண்ணீர் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் பிரிக்கலாம். பிரிக்கும்போது குட்டிகளைப் புதிய கூண்டுக்கு மாற்றாமல் தாயை மாற்றுங்கள். தெரிந்த இடத்திலேயே இருந்தால் குட்டிகள் தீவனத்தை விடாது. இரத்தக்கழிச்சல் வருவது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். புழுக்கையில் வெளியேறும் கிருமி ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது, ஆகவே தினமும் அள்ளிவிட்டால் பாதிப்பு வெகுவாகக் குறையும். எடுத்த பெட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, மூன்று நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே அடுத்த தாய்க்குக் கொடுங்கள்.