இடைவெளி நன்றாக இருக்கிறதாம், பிறகு ஏன் முழங்கால் வலி?

கேள்வி: வயது 46. மோதிரம் விரலில் ஏறவில்லை, செருப்பு 6-லிருந்து 8 ஆகிவிட்டது, குரலும் கட்டையாகிவிட்டது. நான்கு வருட அலைச்சலுக்குப் பிறகு 'அக்ரோமெகலி' என்கிறார்கள். முழங்கால் எக்ஸ்-ரேயில் மட்டும் 'மூட்டு இடைவெளி நன்றாக உள்ளது' என்று இருக்கிறது. பிறகு ஏன் வலி? குருத்தெலும்புப் பவுடர் சாப்பிடலாமா?

பதில்: வழக்கமான தேய்மானத்தில் குருத்தெலும்பு மெலிந்து இடைவெளி குறையும். அதைத் தேடுகிற கண்ணுக்கு உங்கள் மூட்டு நன்றாகத்தான் தெரியும். உங்களுக்கு வந்திருக்கும் அக்ரோமெகலியில் நடப்பது வேறு. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி (பெரும்பாலும் புற்றுநோய் அல்ல) வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற, வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனை அளவுமீறிச் சுரக்க, குருத்தெலும்பு தடிக்கிறது. எலும்பு முனைகள் எப்போதோ மூடிவிட்டதால் உயரம் கூடாது. மூட்டு, மூக்கு, காது, குரல்வளை என்று மற்ற இடங்களில் பெருக்கும். தடித்துவிட்டதே என்று வலுவாக இருக்காது. மேடுபள்ளமாகி, வெடித்து, கடைசியில் தேய்மானத்தில்தான் கொண்டுபோய் விடும்.

பவுடர் வேண்டாம். இருப்பதே அதிகம் என்று தவிக்கிறவரிடம் போய் 'குருத்தெலும்பு வளரும்' என்று விற்கிறார்கள்! முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்காரர்களிடமும் ஜாக்கிரதை. வளர்ச்சி ஹார்மோன் மணிக்கு மணி ஏறி இறங்கும்; எப்போதோ ஒருமுறை எடுத்த அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது ஐ.ஜி.எஃப்-1. குளுக்கோஸ் குடிக்கவைத்து, வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு.

இதில் ஒரு சிக்கல். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஐ.ஜி.எஃப்-1 குறைவாகக் காட்டலாம். இந்த நோயே சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதுதான் வேடிக்கை. ஆகவே சர்க்கரை எகிறியிருக்கும்போது எடுத்த ரிப்போர்ட் 'நார்மல்' என்றால் நம்பிவிடாதீர்கள். சர்க்கரையை இறக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

நான்கு வருடம்! எலும்புக்கு ஒருவர், தொண்டைக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு துண்டைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். ஒரு பழைய போட்டோவைக் கேட்டு இப்போதைய முகத்தோடு ஒப்பிட்டிருந்தால் போதும்.

மூக்கு வழியாகக் கட்டியை எடுத்து ஹார்மோன் இறங்கினால் கை, முக வீக்கம் வற்றும், மோதிரம்கூட ஏறலாம். வெடித்த குருத்தெலும்பு பழையபடி ஆகாது, அதற்குத் தனியாகப் பிசியோதெரபி பாருங்கள். குறட்டை இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த நோயில் நாக்கும் தொண்டையும் தடித்திருக்கும், மயக்கத்தில் மூச்சுக்காகக் குழாய் போடுவது சிரமம்.