மூன்று ஆன்லைன் வகுப்புக்குப் பிறகு விடைத்தாள் திருத்தத் தெம்பில்லை என்றால்

திருத்துவதை விடுங்கள், முதலில் திரையில் தெரியும் உங்கள் முகத்தை மறையுங்கள். ஜூமில் உங்கள் கட்டத்தின் மூன்று புள்ளியைத் தொட்டால் 'ஹைட் செல்ஃப் வியூ' வரும். மாணவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மணிக்கணக்கில் கண்ணாடி முன் நின்று பாடம் எடுத்தால் யாருக்கும் அலுக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் ஜூம் சோர்வுக்குச் சொன்ன நான்கு காரணங்களில் இதுவும் ஒன்று. உங்கள் வகுப்பில் மாணவர்களின் கேமராவும் அணைந்திருப்பதால், தலையசைப்பு ஏதும் தெரியாமல் குரலை உயர்த்தி, வேகமாகப் பேசிவிடுகிறீர்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வி போட்டு, பதிலை சாட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடம் தண்ணீர் குடிக்க, எழுந்து நிற்க.

இரவு 11 மணி வாட்ஸ்அப் சந்தேகங்கள் தனிக் கதை. குழுவை மியூட் செய்து, தினமும் ஒரே நேரத்தில் அரைமணி பதில் சொல்வதாக அறிவித்துவிடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள்.

ஒரு வாரம் ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் சோர்வுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் குறியுங்கள். முகத்தை மறைத்தும் எண் இறங்காவிட்டால் சிக்கல் பாடவேளைச் சுமையில் இருக்கலாம். அந்தத் தாளோடு துறைத்தலைவரைப் பாருங்கள்.

தூக்கக் கோளாறும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் இவை போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.