கென்யாவின் குடியேறிக் குடும்பங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்திய மிதவாதத் தலைவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1923-இல் கென்யா இந்தியர்களுக்காக இலண்டன் சென்று வாதாடியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். அப்போது கென்யாவில் இருந்த வெள்ளையர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை என்கிறீர்கள். அவ்வளவு சிறிய கூட்டம் ஓர் அரசாங்கத்தையே தன் விருப்பப்படி வளைத்தது எப்படி? இரண்டாவது, அவர்கள் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள், பால் கூட்டுறவுச் சங்கம் கண்டிருக்கிறார்கள், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டிருக்கிறார்கள், கவர்னரையே எதிர்த்து நின்றிருக்கிறார்கள். நம் ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனுக் கொடுக்க நாலு பேர் சேர்வதில்லை. அவர்களுடைய இனவெறியைக் கண்டிப்பது சரி. ஆனால் அந்தப் பொதுக்காரிய உணர்வையாவது நாம் மதிக்க வேண்டாமா? அவ்வளவையும் விட்டுவிட்டு அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு விடை தேடிப் போனால் இரண்டாவது கேள்விக்கும் வழியிலேயே விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கென்யாவில் இருந்த ஐரோப்பியர் ஏறத்தாழ 9,600 பேர். இந்தியர்கள் 22,000-க்கும் அதிகம். ஆப்பிரிக்கர்கள் இருபது இலட்சத்துக்கு மேல். அந்த 9,600 பேரிலும் அரசு அலுவலர், வணிகர், மிஷனரிகள், குழந்தைகள் ஆகியோரைக் கழித்துவிட்டால், மேட்டுநிலத்தில் பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் மிகச் சொற்பம். ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ நடந்ததுபோல எண்ணிக்கையால் ஒரு நாட்டை நிரப்பியவர்கள் அல்லர் இவர்கள். ஆட்சி முடியப்போகும் 1960-இல்கூட அவர்கள் சுமார் 60,000 பேர்தான்.

அவர்களை அழைத்துக்கொண்டு வந்தது ஒரு ரயில் கடன். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை 1896 முதல் 1901 வரை போடப்பட்ட இருப்புப்பாதைக்கு ஐம்பது இலட்சம் பவுனுக்கு மேல் செலவாயிற்று. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் உழைத்தார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். ரயில் வந்துவிட்டது, ஏற்றிச் செல்லச் சரக்குதான் இல்லை. ஆணையராக இருந்த சர் சார்லஸ் எலியட் கண்ட வழி, ஐரோப்பியரைக் குடியேற்றி விளைவிக்கச் செய்வது. 1902-இன் அரச நிலச் சட்டம் 99 ஆண்டுக் குத்தகைக்கு இடம் தந்தது. 1915-இல் அதையே 999 ஆண்டாக நீட்டினார்கள். அந்த நிலத்தில் மேய்த்துக்கொண்டிருந்த மசாய்களை 1904-இலும் 1911-இலும் போட்ட ஒப்பந்தங்களைக் காட்டி இரண்டு முறை இடம்பெயர்த்தார்கள்.

இப்போது குடும்பங்களுக்கு வருவோம். உங்கள் முதல் கேள்விக்கான உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது. குடியேறிகளின் தலைவராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விளங்கிய டெலமேர் பிரபு, 1903-இல் ன்ஜோரோவில் ஒரு இலட்சம் ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவர். அவருடைய மனைவி பிளாரன்ஸ், அயர்லாந்தின் எனிஸ்கிலன் பிரபுவின் மகள். அவளுடைய தம்பிகள் பெர்க்லி கோல், கால்பிரெய்த் கோல் இருவரும் பின்னாலேயே வந்து நிலம் பெற்றார்கள். கால்பிரெய்த் மணந்துகொண்டது, பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ஆர்தர் பால்பரின் தம்பி மகளை. டெலமேர் சட்டசபையில் உறுப்பினர். மைத்துனர் பெர்க்லியும் பின்னாளில் உறுப்பினர். வெள்ளையர்களின் அரசியல் அடுப்படியாக விளங்கிய முத்தைகா கிளப் 1913-இன் கடைசி நாளில் திறக்கப்பட்டபோது அதற்குப் பின்னால் நின்றவரும் அதே பெர்க்லிதான். நைரோபியில் ஒரு கவர்னர் இவர்களுக்குப் பிடிக்காத ஆணை ஒன்றைப் போட்டால், அந்தச் செய்தி அரசுத் தபாலில் குடியேற்ற நாட்டு அமைச்சகத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே இலண்டனில் யாராவது ஒரு பிரபுவின் விருந்து மேசையில் பேசப்பட்டிருக்கும் என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை. பத்தாயிரம் பேரின் பலம் என்று நீங்கள் எண்ணுவது, உண்மையில் சில டஜன் குடும்பங்களுக்கு வாய்த்திருந்த கொண்டான் கொடுத்தான் உறவின் பலம்.

எல்லாக் குடியேறிகளும் பிரபுக்கள் என்று கொள்ளவும் கூடாது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மாட்டுவண்டியோடு வந்த, டச்சு வழி வெள்ளை விவசாயிகளான போயர்கள் உண்டு. முதல் உலகப்போருக்குப் பிறகு முன்னாள் வீரர்களுக்கான திட்டத்தில் நிலம் பெற்றுக் கடனில் மூழ்கிய கேப்டன்களும் மேஜர்களும் உண்டு. ஆனால் இவர்கள் அனைவரையும் ஒரே குரலாக்கத் தெரிந்திருந்தது அந்தச் சில குடும்பங்களுக்கு. மாவட்டந்தோறும் இருந்த விவசாயிகள் சங்கங்களை இணைத்து 1910-ஐ ஒட்டி உருவான சங்கங்களின் மாநாட்டைக் குடியேறிகளின் பாராளுமன்றம் என்றே அழைத்தார்கள். அது பெரும்பாலும் நைரோபியில் குதிரைப் பந்தய வாரத்தோடு சேர்த்துக் கூடும். பகலில் பந்தயம், மாலையில் தீர்மானம், இரவில் நடனம். பொதுவாழ்வும் குடும்ப வாழ்வும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்த ஒரு சமூகத்தில் அது இயல்பான ஏற்பாடுதான்.

அந்தக் கலப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு நாளை மட்டும் பார்க்கலாம். 1907 மார்ச் 14 அன்று, கேப்பிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவைக் கடந்தவர் என்று புகழ்பெற்ற யூவர்ட் குரோகன், தன் வீட்டுப் பெண்களிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்கள் என்று சொல்லி கிக்கூயூ என்ற ஆப்பிரிக்க இனத்து மூன்று ரிக்‌ஷாக்காரர்களை நைரோபி நீதிமன்றத்தின் முன்னால் இழுத்துவந்து சாட்டையால் அடித்தார். சுற்றிலும் வெள்ளையர் கூட்டம். தடுக்கவந்த நீதிபதியின் பேச்சு எடுபடவில்லை. இடத்தைக் கவனியுங்கள்: வழக்குத் தொடுக்க வேண்டிய கட்டடம் பத்தடி தள்ளி நிற்கிறது, அதற்கு உள்ளே போகாமல் வாசலிலேயே தீர்ப்பும் தண்டனையும் நடக்கின்றன. அப்போது குரோகன் குடியேறிகள் சங்கத்தின் தலைவர். அவருக்குக் கிடைத்தது ஒரு மாதக் காவல். நான்கு ஆண்டுகள் கழித்து, ஆட்டைத் திருடியதாகச் சந்தேகித்து ஓர் ஆப்பிரிக்கரைச் சுட்டுக் கொன்றார் கால்பிரெய்த் கோல். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த ஜூரி அவரை விடுவித்தது. கடைசியில் அவரை நாடுகடத்த வேண்டியிருந்தது நிர்வாக ஆணையின் மூலம்தான். சில ஆண்டுகளில் திரும்பியும் வந்துவிட்டார்.

ஜூரி முறை, சுதந்திரப் பத்திரிகை, பிரதிநிதித்துவம் எல்லாம் ஆங்கிலேயர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமைகள். கென்யாவின் குடியேறிகள் இவை ஒவ்வொன்றுக்காகவும் உண்மையாகவே போராடினார்கள், வென்றும் காட்டினார்கள். 1917-இல் தொடங்கிய கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் சங்கம் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டது. 1919-இல் ஐரோப்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குக் கிடைத்தது. 1920-இல் 11 ஐரோப்பியர்கள் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதே சமயத்தில்தான் பதினாறு வயதைக் கடந்த ஒவ்வோர் ஆப்பிரிக்க ஆணும் தன் கைரேகையும் முதலாளியின் பெயரும் கூலி விவரமும் அடங்கிய கிபாண்டே என்ற பதிவுச் சீட்டை ஓர் உலோகக் கூட்டில் இட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினான். முதலாளி கையெழுத்திடாமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். அதற்கு முந்தைய 1918-ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளையர் பண்ணையில் குடியிருக்கும் ஆப்பிரிக்கர் ஆண்டுக்கு 180 நாள் அந்தப் பண்ணைக்கு உழைத்தாக வேண்டும் என்றது.

வரி விஷயம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியில்லை என்ற பழைய முழக்கத்தைச் சொல்லித்தான் வாக்குரிமை வாங்கினார்கள். வாங்கிய கையோடு வருமான வரி வந்தது. சங்கங்களும் பத்திரிகையும் சேர்ந்து எழுப்பிய கூச்சலில் 1922-இல் அது நீக்கப்பட்டு, 1937 வரை தலைகாட்டவில்லை. குடிசை வரியும் தலைவரியும் செலுத்திய ஆப்பிரிக்கருக்கோ 1944 வரை சட்டசபையில் ஒரே ஓர் ஆப்பிரிக்கப் பிரதிநிதிகூட இல்லை. அவர்கள் சார்பில் பேச ஒரு மிஷனரியை நியமித்ததே 1924-இல்தான்.

ஆகவே அவர்களுடைய பொதுவாழ்வைப் பற்றி என் கருத்து இது. பொதுவாழ்வு ஒருபுறம், இனவெறி மறுபுறம் என்று தட்டில் பிரித்துவைத்து, ஒன்றை மதித்து மற்றொன்றைக் கண்டிக்க எனக்கு முடியவில்லை. கென்யாவில் குடியேறிகள் பெற்ற ஒவ்வொரு ஜனநாயக உரிமையும் மற்றவர்களை ஆளும் அதிகாரமாகவே செலவிடப்பட்டது. கசப்பான வேடிக்கை என்னவென்றால், அங்கே ஆப்பிரிக்கருக்கு இருந்த அற்பசொற்பப் பாதுகாப்பும் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத இலண்டன் அதிகாரிகளிடமிருந்துதான் வந்தது. குடியேறிகள் கேட்ட பொறுப்பாட்சி, அதாவது உள்நாட்டு ஆட்சியைத் தாங்களே நடத்தும் உரிமை, முழுதாகக் கிடைத்திருந்தால் கென்யா, சிறுபான்மை வெள்ளையரே ஆண்ட இன்னொரு ரொடீசியாவாகியிருக்கும்.

அதைத்தான் 1923-இன் நெருக்கடி காட்டுகிறது. இந்தியர்களைப் பொதுவான வாக்காளர் பட்டியலில் சேர்க்கலாம் என்ற பேச்சு எழுந்ததும், மன்னருக்கு விசுவாசிகள் என்று மார்தட்டிக்கொண்ட இவர்கள் ரயிலையும் தந்தியையும் கைப்பற்றிக் கவர்னரைக் கடத்திவிடச் சதி தீட்டினார்கள். கவர்னர் கோரிண்டனை அடைத்துவைக்கத் தேர்ந்தெடுத்திருந்த பண்ணைவீட்டின் அருகில் ஓடையில் நல்ல ட்ரவுட் மீன் கிடைக்கும், அவருக்குப் பொழுதுபோகும் என்றும் பேசிக்கொண்டார்களாம். தங்கள் வகுப்பைச் சேர்ந்த ஒருவரைச் சிறைப்பிடிக்கும்போதும் விருந்தினர் உபசாரம் தவறக்கூடாது என்ற இந்த அக்கறையையும், நீதிமன்ற வாசலில் விழுந்த சாட்டையடியையும் ஒரே சமூகம் செய்தது.

சாஸ்திரியார் இலண்டனில் வாதாடியது இந்தப் பின்னணியில். கிடைத்த விடை, அந்த ஆண்டு ஜூலையில் வெளியான டெவன்ஷயர் வெள்ளையறிக்கை என்ற பிரிட்டிஷ் அரசின் கொள்கை அறிக்கை. ஆப்பிரிக்கரின் நலனே தலையாயது என்று அது அறிவித்தது. ஆனால் மேட்டுநிலம் வெள்ளையருக்கே என்றது. இந்தியர்களுக்கு இனவாரித் தொகுதிகளில் ஐந்து இடம் என்று முடித்தது. சாஸ்திரியார் மனம் உடைந்து திரும்பினார். இந்தியர்களின் தோல்வியாகவே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். அது ஓரளவு உண்மை. ஆனாலும் குடியேறிகளின் பொறுப்பாட்சிக் கனவுக்கு விழுந்த முதல் அடியும் அந்த அறிக்கைதான். இந்தியர்களை ஒதுக்குவதற்கு ஆப்பிரிக்கர் நலன் என்ற வாதத்தைக் குடியேறிகளே கையில் எடுத்திருந்தார்கள். இலண்டன் அதை எழுத்தில் போட்டுவிட்டது.

பத்திரிகையைச் சொன்னீர்கள். குடியேறிகளின் குரலாக விளங்கிய ஈஸ்ட் ஆப்பிரிக்கன் ஸ்டாண்டர்டு, 1902-இல் மொம்பாசாவில் கராச்சி வணிகர் ஏ. எம். ஜீவன்ஜி தொடங்கிய பத்திரிகை. 1905-இல் அவர் அதை ஆங்கிலேயரிடம் விற்றார். அதன் பிறகு அது இந்தியர்களையே தாக்கிற்று. இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. லீடர் என்ற இன்னொரு குடியேறிப் பத்திரிகையின் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் ஹாரி துக்கு என்ற கிக்கூயூ இளைஞர். 1921-இல் ஐரோப்பிய முதலாளிகள் ஆப்பிரிக்கரின் கூலியை மூன்றில் ஒரு பங்கு குறைக்க முடிவு செய்தபோது, சங்கம் அமைத்துக் கூட்டம் போட்டு, மனு எழுதி, இந்தியப் பத்திரிகையாளர் ஒருவரின் அச்சகத்தில் துண்டறிக்கை அடித்து எதிர்த்தவர் அவரே. குடியேறிகள் பத்து ஆண்டுகளாகச் செய்துவந்ததைத்தான் அவரும் செய்தார். அவர்களுக்கு அதற்குச் சட்டசபை கிடைத்தது. துக்குவுக்குக் கிடைத்தது கைது. அவரை விடுவிக்கக் கோரி 1922 மார்ச் 16 அன்று நைரோபி காவல் நிலையத்தின் முன் கூடியவர்கள்மீது சுட்டதில் அரசுக் கணக்குப்படியே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எதிரே இருந்த நார்போக் ஹோட்டல் தாழ்வாரத்திலிருந்து குடியேறிகளும் சுட்டார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவர்களின் உழைப்பை நான் மறுக்கவில்லை. டெலமேரின் ஆடுகளும் மாடுகளும் நோயில் செத்தன. கோதுமையைத் துருநோய் தின்றது. அவர் சொந்தச் செலவில் நிபுணரை அமர்த்தி நோய் தாங்கும் ரகங்களைத் தேடினார். 1925-இல் தொடங்கிய பால் கூட்டுறவு, நாடு விடுதலை அடைந்த பிறகும் நின்று நிலைத்தது. ஆனால் அந்த உழைப்புக்கு முட்டுக் கொடுத்தவை மலிவான ரயில் கட்டணமும் சுங்கப் பாதுகாப்பும். காப்பி பயிரிட ஆப்பிரிக்கருக்கு நீண்டகாலம் அனுமதி இல்லாததும் ஒரு முட்டுதான். உங்கள் தெருவிளக்கு விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. நம் ஊரிலும் சாதிச் சங்கம், கோயில் கமிட்டி என்றால் நாலு பேர் என்ன, நானூறு பேர் சேர்கிறார்கள். எல்லோருக்குமான காரியத்துக்குத்தான் ஆள் வருவதில்லை. குடியேறிகளும் எல்லோருக்குமான காரியத்துக்குச் சேர்ந்தவர்கள் அல்லர்.

இனி, அவர்கள் கென்யாவை விட்டுப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952 அக்டோபரில், பெரும்பாலும் கிக்கூயூக்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1953 ஜனவரியில் ஒரு பண்ணைக் குடும்பம் கொல்லப்பட்டதும் குடியேறிகள் நைரோபியில் கவர்னர் மாளிகையை முற்றுகையிட்டார்கள். கைகோத்து நின்று அவர்களைத் தடுத்தவர்கள் ஆப்பிரிக்கக் காவலர்கள். கூட்டத்தைச் சமாதானம் செய்தவர் குடியேறித் தலைவர் மைக்கேல் பிளண்டல். அவரே 1960-இல் இலண்டன் மாநாட்டில் ஆப்பிரிக்கப் பெரும்பான்மை ஆட்சியை ஏற்றுக்கொண்டு திரும்பியபோது, நைரோபி விமான நிலையத்தில் ஏசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய கூலியை நினைவூட்டி, அவர் காலடியில் முப்பது வெள்ளிக்காசுகளை வீசியவர் ஒரு குடியேறி. கிளர்ச்சியை ஒடுக்க வேண்டியிருந்தது பிரிட்டிஷ் படையும் பிரிட்டிஷ் பணமும். அந்தச் செலவை மறுபடி ஏற்க இலண்டன் தயாராக இல்லை என்று தெரிந்த பிறகு, எந்தச் சங்கத் தீர்மானத்துக்கும் மதிப்பு இருக்கவில்லை.

1963 ஆகஸ்டில் நகூருவில் கூடியிருந்த குடியேறிகளிடம் அப்போதைய கென்யப் பிரதமர் ஜோமோ கென்யாட்டா, பழையதை மறப்போம், நீங்கள் இங்கேயே இருந்து பயிரிடுங்கள் என்றார். சிலர் இருந்தார்கள். பலர் விற்றுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். சும்மா விட்டுப் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1962-இல் தொடங்கிய பத்து இலட்சம் ஏக்கர் திட்டத்தில் அவர்களுடைய பண்ணைகளை அரசு விலைகொடுத்து வாங்கிச் சுமார் 35,000 ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்குப் பிரித்துத் தந்தது. அந்த விலைக்கான கடன் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும் உலக வங்கியிலிருந்தும் வந்தது. அதைத் தவணை தவணையாகத் திருப்பிக் கட்டும் பொறுப்பு, நிலத்தைப் பெற்றுக்கொண்ட அந்த ஆப்பிரிக்க விவசாயிகளின் தலையில் விழுந்தது.