முதல் குண்டு யாருடையது?

கேள்வி: நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பணிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வகுப்புக்குள் நுழைந்ததுமே, "முக்கியமான வினாக்களை மட்டும் குறித்துக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள் பிள்ளைகள். ஆண்டுகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். தேர்வு முடிந்த மறுவாரம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. தேர்வு நெருங்கும்போது கணக்கு ஆசிரியர் என் பாடவேளையைத்தான் கடன் கேட்கிறார். போதாக்குறைக்குப் போன மாதம் ஒரு விவாதத்தின் நடுவே ஒரு மாணவன் எழுந்து, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டான். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாமே

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தக் கடன் விவகாரம். கொடுக்காதீர்கள். முப்பது ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தியவன் நான். கடனாகப் போன பாடவேளை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இனி, பிள்ளைகள் ஏன் மறக்கிறார்கள் என்பதற்கு வருவோம். என் கதையையே சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நாற்பத்தைந்து நிமிடமும் குறிப்புச் சொல்லி எழுத வைப்பேன். அன்றைக்கு முதல் உலகப் போரின் காரணங்கள்: அ, ஆ, இ, ஈ. முன்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "ஓர் இளவரசரை யாரோ சுட்டதற்கு இத்தனை நாடுகள் ஏன் சண்டைக்குப் போயின?" என்றாள். "அதுதான் ஈ-யில் வருகிறதே, எழுது" என்றேன். எழுதினாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் மறுபடி கையைத் தூக்கவில்லை.

அவள் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சாரயேவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் மீது குண்டு பாய்ந்தது 1914 ஜூன் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் சரியாக ஒரு மாதம் இருந்தது. அதற்கடுத்த ஒரே வாரத்தில் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் நான்கும் உள்ளே வந்துவிட்டன. அந்த ஒரு மாதமும் ஒரு வாரமும் யார் யார் என்ன கணக்குப் போட்டார்கள், எங்கே யாராவது நிறுத்தியிருக்க முடியும் என்பதைத்தான் அவள் கேட்டாள். நான் அ, ஆ, இ, ஈ என்று பதிலைக் கொடுத்தேன். பாடநூலும் அதைத்தான் செய்கிறது: கேள்வியை அழித்துவிட்டுப் பதிலை மட்டும் அச்சடித்துத் தருகிறது. கேட்காத கேள்விக்கான பதில் யாருக்கு நினைவிருக்கும்?

ஆகவே உங்கள் வேலை, அழிந்த கேள்வியைத் தேடிப் பிடித்து வகுப்பில் வைப்பது. எப்படி என்பதற்கு நான் பலமுறை நடத்திய ஒரு வகுப்பைச் சொல்கிறேன். அமெரிக்கப் புரட்சி பாடத்தில் வருவது. 1775 ஏப்ரல் 19, விடியற்காலை. லெக்சிங்டன் என்ற ஊரின் புல்வெளியில் எழுபது, எண்பது குடியேற்றக்காரர்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். எதிரே பிரிட்டிஷ் படை வருகிறது. யாரோ சுடுகிறார்கள். சில நிமிடங்களில் குடியேற்றக்காரர்கள் எட்டுப் பேர் இறந்துகிடக்கிறார்கள். முதல் குண்டைச் சுட்டது யார்?

இதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டு தாள்களைக் கொடுப்பேன். முதலாவது, அங்கே நின்ற குடியேற்றக்காரர்கள் முப்பத்து நான்கு பேர் ஏப்ரல் 25 அன்று சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். தாங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தபோது முதுகுப் பக்கமிருந்து சுட்டார்கள் என்கிறது அது. இரண்டாவது, ஜான் பார்க்கர் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரியின் நாட்குறிப்பு. அவர்கள்தான் ஒன்றிரண்டு குண்டுகளைச் சுட்டார்கள், உடனே நம் ஆட்கள் உத்தரவே இல்லாமல் பாய்ந்துவிட்டார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

வகுப்பு உடனே எண்ணிக்கையில் இறங்கும். "முப்பத்து நான்கு பேர் சொல்கிறார்கள், இவர் ஒருவர்தானே!" விட்டுவிடுங்கள், சற்று நேரம் கொண்டாடட்டும். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "முப்பத்து நான்கு பேரும் எப்படி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்?" அந்த நொடிக்காகத்தான் இத்தனை பாடும். ஆறு நாள் கழித்து, எல்லோரும் சேர்ந்து, யாருக்குக் காட்டுவதற்காக எழுதினார்கள்? லண்டனுக்கு அனுப்பி அங்கிருப்பவர்களின் மனத்தைத் திருப்புவதற்காக. பார்க்கர் யாருக்காக எழுதினார்? தனக்காக. அப்படியானால் அவரை நம்பலாமா? அவரும் ஒரு தரப்பின் சீருடையைப் போட்டவர்தானே? ஆனால் தம் ஆட்கள் உத்தரவை மீறினார்கள் என்று தம் தரப்பின் குறையையும் எழுதிவைத்திருக்கிறாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு முறை இரண்டு மாணவர்கள் மணியடித்த பிறகும் படிக்கட்டு வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

"சரியான விடை என்ன?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். முதல் குண்டு யாருடையது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று சொல்லுங்கள். முதலில் ஏமாந்து போவார்கள், கோபப்படுவார்கள். கோபப்படட்டும்.

இதே லெக்சிங்டன் ஆவணங்களை வைத்து அமெரிக்கக் கல்வியாளர் சாம் வைன்பர்க் ஓர் ஆய்வு செய்து 1991-இல் வெளியிட்டார். வரலாற்றாசிரியர்கள் எட்டுப் பேர், பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை படித்தார்கள், பாடநூலைப் படிப்பது போலவே. வரலாற்றாசிரியர்களோ முதலில் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தார்கள். நினைவாற்றலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண் முதலில் போகும் இடம்தான் வேறு. அந்தப் பழக்கத்தைப் பதினான்கு வயதில் ஏற்படுத்திவிட முடியும். கைப்பேசியில் நாள் முழுக்க வந்து விழும் செய்திகளுக்கும் அது பயன்படும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

உடனே ஆர்வத்தில் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தக் கிளம்பிவிடாதீர்கள். பாடத்திட்டம் முடியாது, தலைமையாசிரியரிடம் பதில் சொல்ல வேண்டிவரும். மாதத்துக்கு இரண்டு போதும். மற்ற நாட்களில் விளக்கிச் சொல்லுங்கள், குறிப்பும் கொடுங்கள், அதில் வெட்கமில்லை. ஆண்டுகளை மனப்பாடம் செய்வதே பாவம் என்று பேசும் புதுமைவாதிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏப்ரல் 19-க்குப் பிறகு ஏப்ரல் 25 வருகிறது என்று தெரியாதவனால் அந்த வாக்குமூலத்தைச் சந்தேகிக்க முடியாது. எதற்கு முன் எது என்று புரிய எத்தனை ஆண்டுகள் தேவையோ, அத்தனையை மனப்பாடம் செய்யட்டும்.

புவியியலுக்கும் இதே வழிதான். சுவரில் தொங்கும் உலக வரைபடம் மெர்கேட்டர் முறையில் வரைந்ததாக இருந்தால், கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். எது பெரியது என்று கையைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு உலக உருண்டையை மேசையில் வைத்து, மெல்லிய தாளில் கிரீன்லாந்தைப் படியெடுத்து, உருண்டையிலுள்ள ஆப்பிரிக்காவின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கா சுமார் பதினான்கு மடங்கு பெரியது. "அப்படியானால் வரைபடம் பொய்யா?" என்பார்கள். 1569-இல் அதை வரைந்தவர் மாலுமிகளுக்காக வரைந்தார். திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போகும் பாதை அதில் நேர்கோடாக விழும். அதற்கு விலையாகப் பரப்பளவை விட்டுக்கொடுத்தார். யாருக்காக வரைந்தது என்ற அதே கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

மதிப்பெண் பற்றி ஒன்றே ஒன்று. இரண்டு சான்றுகளை எடைபோட்டு ஒரு பத்தி எழுதிப் பழகியவர்கள் நெடுவினாவில் திணறி நான் பார்த்ததில்லை.

கடைசியாக, "நீங்கள் எந்தப் பக்கம்?" எனக்கு உங்கள் கடிதத்திலேயே பிடித்த வரி இதுதான். அவன் உங்கள் கருத்தை மதிக்கிறான், அதனால்தான் கேட்டான். அதே காரணத்தால் சொல்வதற்கு அவசரப்படக் கூடாது. நீங்கள் சொன்னதும் பாதி வகுப்பு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும், மீதிப் பாதி வாயை மூடிக்கொள்ளும்.

ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே ரகம் அல்ல. நடந்ததா இல்லையா என்ற கேள்வியில் சான்று தெளிவாக இருந்தால், இரண்டு பக்கம் இருப்பதாக நடிக்க வேண்டாம். யூதப் படுகொலை நடந்தது. அதில் நடுநிலைக்கு இடமில்லை. எது நியாயம், எது வேண்டும் என்ற கேள்விகள் வேறு. அவற்றில் பிள்ளைகள் இரு தரப்பையும் வாதாடி முடிக்கும் வரை நான் வாய் திறப்பதில்லை. வாதாடுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: எதிர்த்தரப்பின் வாதத்தை, அவர்களே "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

இதைப் பழக்குவதற்கு, இன்று முடிந்துபோன ஒரு சண்டையைக் கொடுங்கள். நான் எடுத்துக்கொள்வது சுவிட்சர்லாந்து. நியூசிலாந்துப் பெண்களுக்கு 1893-இலேயே வாக்குரிமை வந்துவிட்டது. மக்களைக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்வோம் என்ற சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் அது வர 1971 ஆனது. காரணம் அந்தப் பெருமையிலேயே இருக்கிறது: அரசியலமைப்பைத் திருத்த வாக்கெடுப்பு வேண்டும், வாக்குரிமை இருந்தது ஆண்களுக்கு மட்டும். 1959-இல் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் கணக்கு அப்படியே தலைகீழானது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலத்தின் தேர்தல்களிலோ 1990-இல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

வகுப்பில் ஒரு பாதியை 1959-இன் 'வேண்டாம்' தரப்பாக எழுதச் சொல்லுங்கள். மாணவிகள் கொதிப்பார்கள். பெண்களே சேர்ந்து இதை எதிர்த்து அமைப்பு நடத்தினார்கள் என்று அப்போது சொல்லுங்கள். அறை அமைதியாகிவிடும். அதன் பிறகு வரும் கேள்விகளுக்கு இரண்டு பாடவேளை போதாது.

அந்த மாணவனிடம் நாளைக்கே போய், "அன்று மழுப்பிவிட்டேன், நல்ல கேள்வி கேட்டாய்" என்று வகுப்புக்கு முன்னால் சொல்லுங்கள். அன்றைய விவாதத்தில் அவன் எதிர்த்த பக்கத்தின் வாதத்தை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கொண்டுவந்த பிறகும் அவன் கேட்டால், உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து. கேட்காமலே உட்கார்ந்துவிட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள்.