ரயில்வே எல்லையில் முட்டி நிற்கும் நகராட்சி வடிகால்: வழி என்ன?

கேள்வி: ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் பழைய கடைவீதியைப் புதுப்பிக்க நகராட்சிக்கு நிதி வந்துள்ளது. ஆனால் வீதியின் மழைநீர், தண்டவாளத்துக்கு அடியில் உள்ள குறுகிய சிறுபாலத்தைத் தாண்டுவதில்லை. நகராட்சியும் ரயில்வேயும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றன. நான் என்ன செய்யலாம்? (வார்டு உறுப்பினர் ஒருவர்)

பதில்: உங்கள் மனுவில் இரண்டு கோரிக்கைகள் கலந்திருக்கக்கூடும், முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள். பாதை போடுவதற்கு முன்பு அக்கம்பக்கத்து நிலங்களின் தண்ணீர் எவ்வளவு தடையின்றி ஓடியதோ, அதே அளவுக்கு ஓடும்படி சிறுபாலங்களையும் வடிகால்களையும் அமைத்துப் பராமரிக்கும் கடமையை 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 16ஆம் பிரிவில், ரயில்வே நிர்வாகத்தின் மீதே வைக்கிறது. ஆகவே, இருக்கும் பாலத்தைத் தூர்வாரித் தரும்படி உரிமையோடு கேட்கலாம். பாலத்தை அகலப்படுத்துவது வேறு. போக்குவரத்து தொடங்கிப் பத்து ஆண்டுகள் கடந்த பாதையில், கூடுதல் பணிகளை ரயில்வே தன் செலவில் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. 17ஆம் பிரிவின்படி நகராட்சி செலவை ஏற்றுக்கொண்டு கேட்க வேண்டும். இதைத்தான் 'டெபாசிட் ஒர்க்' என்கிறார்கள்.

ஓர் ஊரில் நான் பார்த்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. மூன்றடி அகலத்தில் புதிதாகக் கட்டிய நகராட்சி வடிகால், ரயில்வே எல்லைக் கல்லுக்கு இரண்டடி முன்பே முடிந்திருந்தது. அப்பால் பாலத்தின் வாயில் பிளாஸ்டிக் பைகளும் வாழை மட்டைகளும் அடைத்து, கறுத்த நீர் தேங்கிக் கிடந்தது. அந்த இரண்டடி நிலம் இரு தரப்பு வரைபடத்திலும் இல்லை. ஒரே ஒரு நாள் இரு பொறியாளர்களும் நில அளவரோடு சேர்ந்து நடந்திருந்தால், கடைக்காரர்கள் ஒவ்வொரு மழைக்கும் மூட்டைகளை மேலே தூக்கி வைக்க வேண்டியிருந்திருக்காது.

எனவே வீதிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே, இரு தரப்பும் சேர்ந்து இடத்தைப் பார்வையிடும் கூட்டுத் தணிக்கையை நடத்தி, அன்றைய குறிப்பில் இரு தரப்பும் கையொப்பமிடச் செய்யுங்கள். பிறகு மன்றத் தீர்மானத்தை இணைத்து, நகராட்சி ஆணையர் வழியாகக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு எழுத வேண்டும். நிலைய மேலாளருக்கு இதில் அதிகாரம் இல்லை. ரயில்வே தரும் மதிப்பீட்டுத் தொகை, மேற்பார்வைக் கட்டணம் உட்பட, உங்கள் திட்ட மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். ஆண்டுதோறும் எந்த மாதத்தில், எதுவரை, யார் தூர்வாருவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான்.

நிதி குறித்து ஒன்று. ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசின் சொத்துகளுக்கு அரசமைப்பின் 285ஆம் பிரிவு வரிவிலக்கு அளித்தாலும், ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற முறைப்படி, அவை பெறும் சேவையைப் பொறுத்து, சொத்துவரியில் 75, 50 அல்லது 33⅓ விழுக்காட்டைச் சேவைக் கட்டணமாகப் பெற இடமுண்டு. உங்கள் நகராட்சி கேட்டிருக்கிறதா என்று வருவாய்ப் பிரிவில் விசாரியுங்கள். வடிகால் கோரிக்கையோடு இதைக் கலக்காமல் தனிக் கடிதமாக அனுப்புவதே நல்லது. பேரமாகத் தோன்றினால் இரண்டுமே தேங்கிவிடும்.

பதில் வராவிட்டால், நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் கூடும் 'திஷா' எனப்படும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவில் இதை எழுப்பச் செய்யலாம். மாவட்ட ஆட்சியரே அதன் உறுப்பினர் செயலர் என்பதால், கையொப்பமிட்ட தணிக்கைக் குறிப்பின் நகலை அவரது அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கும்படி கேளுங்கள்.